லிவர் ஊசி

எனக்கு ஒருத்தி மேல் பொறாமை வந்தது நகையைப் பார்த்தோ சேலையைப் பார்த்தோ அல்ல, ஊசியைப் பார்த்து. சொன்னால் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஊசி என்றதும் ஊரே ஓடி ஒளியும்போது, தனக்கு ஊசி கிடைக்கவில்லையே என்று வயிறெரிந்து திரிந்தவள் நான்.

தெரணியகலைக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அறுபதுகளின் நடுவில் வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரருக்கு ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் வேலை. அவருடைய அண்ணன் குடும்பம் அதே லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் இருந்தது. அண்ணன் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். கூப்பிட்டது வாய்தான், மனசு ஒருநாளும் கூப்பிடவில்லை.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். சண்டை போட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். அவளோ நல்லவள். கறி ஆக்கினால் ஒரு கிண்ணம் எங்கள் வீட்டுக்கு வரும். எனக்குத் தலைவலி என்றால் என் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு தண்ணீர்ப் பீலிக்குப் போவாள். லயத்தில் யார் வாயைத் திறந்தாலும், "அவ மனசு யாருக்கு வரும்!" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. என்னைப் பற்றி யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாக இருக்கும். என்னைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம், "படிச்ச பொம்பள, கொஞ்சம் வெடுக்குனு பேசுவா" என்பதுதான்.

எட்டாவது வரை படித்த படிப்புக்கு எனக்குக் கிடைத்தது பிள்ளைக்காம்பரா வேலை. தாய்மார்கள் ரப்பர் பால் வெட்டப் போகும்போது விட்டுச்செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பால்மா கரைத்துக் கொடுக்க வேண்டும். சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்ததால் சிங்களமும் நன்றாகப் பேசுவேன். லயத்தில் யாருக்காவது அரசாங்கக் கச்சேரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை என்றால் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்போது மட்டும் நான் அக்காவை விட ஒரு படி மேலே இருப்பேன்.

பிள்ளைக்காம்பராவுக்கு எதிரே டிஸ்பென்சரி. அதன் ஜன்னலின் கீழ்ப்பாதியில் உள்ளே இருப்பது தெரியாதபடி மங்கல் கண்ணாடி போட்டிருக்கும். ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், வெள்ளைக் கால்சட்டை, யாருக்கும் குரல் உயர்த்த மாட்டார். பச்சை மருந்து, சிவப்பு மருந்து, புண்ணுக்கு ஊதா மருந்து. அதற்கு மேல் அவரிடமிருந்து யாருக்கும் ஒன்றும் லேசில் வராது.

அக்காவுக்கு இரண்டாவது தடவையும் கரு தங்கவில்லை. ரத்தம் நிறையப் போய், வெளுத்துச் சோர்ந்து கிடந்தாள். மாதம் ஒரு தடவை வரும் பெரிய டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு லிவர் ஊசி எழுதிக்கொடுத்தார். அந்தக் காலத்தில் சத்துக்கு அதைத்தான் போடுவார்கள். ரப்பர் மூடி போட்ட சின்னப் போத்தல், உள்ளே தேயிலைச் சாயம் போல் பழுப்பு மருந்து. மாட்டு ஈரலில் இருந்து எடுத்தது என்றார்கள் சிலர், ஆட்டு ஈரல் என்றார்கள் சிலர். போட்ட இடம் இரண்டு நாள் கடுக்கும். ஆனால் உடம்பு தேறும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

செவ்வாயும் வெள்ளியும் அவள் போவாள். அந்த இரண்டு நாளும் அரைநாள் வேலைக்கு முழுநாள் பேர் விழும், கூலியும் முழுசாகக் கிடைக்கும். மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் அவள் நிழல் கையைத் தூக்குவதை நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே வரும்போது தோளைத் தடவிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவாள். வழியில் நிற்கிறவர்கள் எல்லாம், "வலிக்குதா தாயி?" என்று கேட்பார்கள். எனக்குக் குழந்தை பிறந்தபோது இரண்டு நாள் வலியில் கத்தினேன்; அப்போது ஒருத்தரும் இப்படிக் கேட்கவில்லை.

ஒரு மாதத்தில் அவள் கன்னம் உப்பியது. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போனது. "ஊசி நல்லாப் புடிச்சிருக்கு" என்று ஊர் பேசியது. என் வீட்டுக்காரரும் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணி இப்ப பழையபடி ஆயிட்டாங்க, பாத்தியா?" என்றார். பார்க்காமலா இருப்பேன்? வேறு வேலை எனக்கு என்ன?

அன்று முடிவு செய்தேன். எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, என் மனுசனுக்கு அந்த ஊசி கிடைக்க வேண்டும். அவர் புகையில் நின்று நின்று வற்றிப்போயிருந்தார், அது உண்மை. ஆனால் அதற்காகத்தான் கேட்டேன் என்று சொன்னால் அது பொய்.

நான் போய்க் கேட்டதும் டிஸ்பென்சர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"உம்மட மனிசனுக்கு என்ன வருத்தம், பிள்ளை?"

"ஒடம்பு மெலிஞ்சு போச்சுங்க ஐயா."

"மெலிவு ஒரு வருத்தமே? நானும்தான் மெலிவு. எனக்கு ஆர் ஊசி போடுறது?"

சிரித்து அனுப்பிவிட்டார். எனக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் விடவில்லை. சில வாரங்களில் அவருடைய ஸ்பிரிட் அடுப்புக்கு ஸ்பிரிட் வருவது நின்றது. சிரிஞ்சையும் ஊசியையும் கொதிக்க வைக்க வழியில்லாமல் பியூனை விறகு பொறுக்க அனுப்பிக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைக்காம்பராவிலோ பாலுக்காக அடுப்பு நாள் பூராவும் எரியும். நானே போய்ச் சொன்னேன். "எங்க அடுப்புல கொதிக்க வச்சுத் தர்றேங்க ஐயா. நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க."

அவருக்குப் பெரிய நிம்மதி. எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒழுங்காகச் சொல்லித்தந்தார். கண்ணாடிக் குழல் தனியாக, தண்டு தனியாக, ஊசி தனியாகக் கழற்றிப் போட வேண்டும். தண்ணீர் கொதி வந்த பிறகு இருபது நிமிடம். ஒரு ஆளுக்குப் போட்டுவிட்டால் அடுத்த ஆளுக்கு முன் மறுபடியும் இருபது நிமிடம். அந்த டிஸ்பென்சரிக்கு உருப்படியாக இருந்தது ஒரே ஒரு சிரிஞ்சுதான். ஊசி மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டிக்கொள்வார்.

"இதில விளையாட்டு இல்லைப் பிள்ளை. ஒருத்தற்ற ரத்தம் மற்றவருக்குப் போகப்படாது" என்றார்.

"சரிங்க ஐயா" என்றேன். பிள்ளைக்காம்பராச் சுவரில் மணிக்கூடு இருந்தது. பார்த்துப் பார்த்துத்தான் கொதிக்க வைத்தேன். இரண்டு வாரம் அப்படிச் செய்துகொடுத்த பிறகு மறுபடியும் கேட்டேன். இந்தத் தடவை அவரால் மறுக்க முடியவில்லை. அக்காவின் போத்தலில் இருந்தே என் வீட்டுக்காரருக்கும் ஆறு ஊசி போடச் சம்மதித்தார்.

என் வீட்டுக்காரருக்கோ அதில் ஒரு விருப்பமும் இல்லை. "எனக்கு எதுக்குடி இந்த வேதன? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று புலம்பினார். "சும்மா வாங்க" என்று அதட்டி அனுப்பினேன். செவ்வாயும் வெள்ளியும் முதலில் அக்கா, பிறகு அவர். நடுவில் இருபது நிமிடம் என் அடுப்பு. மங்கல் கண்ணாடியில் அவர் நிழலைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்வது! அண்ணனுக்கே கிடைக்காதது தம்பிக்குக் கிடைக்கிறதே.

ஐந்து ஊசி ஒழுங்காக முடிந்தது. ஆறாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஸ்டோரில் இருந்து வரத் தாமதமாகிவிட்டது. அக்காவுக்குப் போட்டு முடிந்து, நான் டிஸ்பென்சரி வாசலில் பாத்திரத்தோடு சிரிஞ்சை வாங்க நின்றேன். ஐயா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இனி ஒரு ஆளுக்குத்தான் கிடக்கு."

அக்கா தோளைத் தடவிக்கொண்டே, "ஐயா, நான் நாளைக்கு எஹலியகொடப் பக்கம் அம்மாவப் பாக்கப் போறேங்க. வர ஒரு வாரம் ஆகும். தம்பி வரலைன்னா அந்த மிச்சத்த எனக்கே போட்டுருங்களேன்" என்றாள்.

அவள் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் கேட்டாள். இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது. அன்றைக்கு எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. இருபதுக்கு மேல் போட்டுக்கொண்டவளுக்கு இன்னும் ஒன்று வேண்டுமாம்! ஐயா மணிக்கூட்டைப் பார்த்து, "கொஞ்சம் பாப்பம். வராட்டி உமக்குத்தான்" என்றார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் மேட்டில் ஏறி வருவது தெரிந்தது.

சிரிஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடுப்பில் பால் பானை ஏறியிருந்தது. பிள்ளைகள் பசிக்குக் கத்திக்கொண்டிருந்தன. பானையை இறக்கி, தண்ணீர்ச் சட்டியை வைத்து, அது கொதித்து, அதற்கு மேல் இருபது நிமிடம் என்றால் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ஐயா மனம் மாறிவிட்டால்? அக்கா மறுபடியும் வாயைத் திறந்துவிட்டால்? பக்கத்தில் பால்மா கரைக்க வைத்திருந்த சுடுதண்ணீர் இருந்தது. அதில் குழலை இரண்டு தடவை அலசினேன். ஊசியைப் போட்டு எடுத்தேன். கை பொறுக்கும் சூடுதான். உடனே கொண்டுபோனால் சந்தேகம் வரும் என்று வாசலுக்கு உள்பக்கம் கொஞ்சம் நின்று, மூடிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"கொதிச்சதோ, பிள்ளை?"

"கொதிச்சிருச்சுங்க ஐயா."

அவர் நம்பினார். மூன்று ஆட்கள் காத்திருந்தார்கள், அவருக்கும் அவசரம். என் வீட்டுக்காரர் உள்ளே போனார். ஜன்னலில் நிழல் கையைத் தூக்கியது. கடைசி மருந்து என் மனுசனுக்குத்தான் போனது. பெஞ்சில் இருந்த அக்கா எழுந்து, "நல்லதாப் போச்சு, தம்பி வந்துருச்சு" என்று சிரித்துக்கொண்டே போனாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டு போனதுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவருக்குச் சோறு பிடிக்காமல் போனது. பிறகு கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்து ஆட்டுப்பாலில் கொடுத்தோம், உப்பையும் எண்ணெயையும் நிறுத்தினோம். நான் வைத்த கஞ்சியை ஒதுக்கிவிட்டு அக்கா வைத்த கஞ்சியைக் குடித்தார். "அண்ணி கஞ்சிதான் எறங்குது" என்றார். அவர் பிழைத்த சந்தோஷத்தைவிட அந்தக் கஞ்சிதான் எனக்கு வெகுநாள் நினைவில் நின்றது. ஊசிக்கும் மஞ்சளுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஸ்டோர்ப் புகையால் வந்த பித்தம் என்றார்கள்; அதையே நானும் நம்பினேன்.

வருடங்கள் போயின. டிஸ்பென்சர் ஐயா ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அக்காவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பையன்கள். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பஞ்சகாலம் வந்து போனது. தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது. என் மகள் பெரியவளானாள். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரருக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. கை கால் மெலிய, வயிறு மட்டும் பெருத்தது. கரவனெல்ல ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே கை வைத்துப் பார்த்த டாக்டர் அன்றைக்கே கொழும்புக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

கொழும்பில் அவருடைய ஈரலில் இருந்து ஒரு துண்டு எடுத்தார்கள். வலது விலாவுக்கு நடுவில் மரத்துப்போக மருந்து போட்டு, மூச்சை விட்டு அப்படியே நிறுத்தச் சொல்லி, நீள ஊசியை உள்ளே விட்டு ஒரு நொடியில் எடுத்துவிட்டார்கள். வந்தது நூல் துண்டு போல் கொஞ்சம் சதை. "இம்புட்டுக்குத்தானா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்?" என்று அவர் கேட்டார். அந்த வேதனையிலும் கேலி பேசுகிற ஆள் அவர்.

பத்து நாள் கழித்துப் போனபோது ஒரு இளம் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். சிங்களக்காரர். நான் சிங்களம் பேசுவதைக் கேட்டு, "பய வென்ன எப்பா" என்றார், பயப்படாதே என்று. பிறகு அவர் செய்ததை வேறு எந்த டாக்டரும் செய்து நான் பார்த்ததில்லை. மைக்ரோஸ்கோப் முன்னால் என்னை உட்கார வைத்து, "நீயே பார்" என்றார்.

முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு இளஞ்சிவப்பாக ஒரு நிலம் விரிந்தது. நல்ல ஈரல் அணுக்கள் ரவை தூவியது போல் பொடிப்பொடியாக இருக்கும், ஓரத்தில் ஒன்றிரண்டு அப்படி இருக்கிறதே பார் என்றார். பார்த்தேன். மற்றவை அப்படி இல்லை. பொடி எல்லாம் போய், வழவழவென்று வெளிறி, நடுவில் இருக்க வேண்டிய கறுப்புப் புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தது. "மங்கல் கண்ணாடி போல இல்லையா?" என்று அவர் கேட்டார். அந்த அணுக்களுக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயரே அதுதானாம். ஒருவகை மஞ்சள்காமாலைக் கிருமி ரத்தத்தில் நுழைந்து, போகாமல் வருடக்கணக்காக ஈரலிலேயே தங்கிவிட்டால், தன்னுடைய சரக்கை அணுவுக்குள் திணித்து இப்படி ஆக்கிவிடுமாம். எனக்கு டிஸ்பென்சரி ஜன்னல் நினைவுக்கு வந்தது. கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன்.

பிறகு கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் நகர்த்தினார். ஒரு மூலையில் அணுக்கள் இரண்டு மடங்கு பெரிதாக, கறுப்புப் புள்ளிகள் கோணல்மாணலாகத் தடித்துக் கிடந்தன. மங்கல் அணுக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம், இப்படி வயல் மாதிரி ஒரே பரப்பாகவும், அதற்குப் பக்கத்திலேயே இந்தப் பெரிய அணுக்களும் சேர்ந்து இருப்பது அபூர்வம் என்றார். பெரிய டாக்டர்கள் எல்லாரும் வந்து பார்த்தார்களாம். "இந்தப் பெரியவைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவை நல்லதுக்கு வருவதில்லை" என்று மெதுவாகச் சொன்னார்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். லயத்துக்குத் திரும்பியதும் நான் முதலில் சொன்னது அந்தக் கடைசி வார்த்தையை அல்ல. "எங்க வீட்டுக்காரரு ஈரல கொழும்புப் பெரிய டாக்டருங்க எல்லாம் வரிசையா வந்து பாத்தாங்க. அந்த மாதிரி அவங்க பாத்ததே இல்லையாம்" என்றேன். பெண்கள் வாயைப் பிளந்தார்கள். அக்காவும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளிடம் இல்லாத ஒன்று எங்களிடம் இருந்தது அல்லவா? அவ்வளவு கேவலமான பெருமை அது.

டாக்டர் இன்னொன்றும் கேட்டிருந்தார். இவருக்கு ரத்தம் ஏற்றியது உண்டா, ஊசி போட்டது உண்டா, யாரோடு சேர்த்துப் போட்டது? நான் லிவர் ஊசியைச் சொன்னேன், அக்காவையும் சொன்னேன். அடுத்த தடவை எல்லாரையும் கூட்டிவரச் சொல்லி ரத்தம் எடுத்தார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை, மகளிடமும் இல்லை. அண்ணனிடமும் பையன்களிடமும் இல்லை. அக்காவின் ரத்தத்தில் கிருமி இருந்தது.

அவளுக்கு ஒரு கேடும் செய்யாமல் இருந்தது. பிறந்ததில் இருந்தே இருந்திருக்கலாம், சிலர் உடம்பில் அப்படித் தங்கி ஒன்றும் செய்யாமல் போகும் என்றார் டாக்டர். உருண்டு திரண்டு, கன்னம் மின்ன, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் அக்கா. பக்கத்தில் என் மனுசன் எலும்பும் வயிறுமாக. ஒரே கிருமிதான், அவளை அது மாமியார் போல் மதித்திருந்தது. அந்த நிமிடம் அவள் மேல் எனக்கு வந்த பொறாமை போல் வாழ்க்கையில் எப்போதும் வந்ததில்லை. கன்னத்துக்கும் கஞ்சிக்கும் வந்ததெல்லாம் அதன் பக்கத்தில் விளையாட்டு. அவள் உயிரோடு இருப்பதே எனக்குப் பொறுக்கவில்லை.

அக்காவுக்குச் சிங்களம் கடைச் சிங்களம்தான். டாக்டர் பேசுவது புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாடி சொல்றாரு?"

டாக்டர் சொன்னது இதுதான்: இந்த அம்மாவின் ரத்தத்தில் இருந்து உன் கணவருக்குப் போயிருக்கலாம். ஆனால் அதற்கு இந்த அம்மாவைக் குறை சொல்லக்கூடாது, இவருக்கு எப்படித் தெரியும்? நடுவில் சிரிஞ்சை ஒழுங்காகக் கொதிக்க வைத்திருந்தால் போயிருக்காது. யாரோ கொதிக்க வைக்கவில்லை. அவ்வளவுதான்.

நான் தமிழில் சொன்னது இது: "ஒங்க ரத்தத்துல இருந்த கிருமிதான் இவருக்குப் போயிருக்காம்."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மற்றதை விழுங்கிவிட்டேன். எட்டாவது வரை படித்த படிப்பும் சிங்களமும் அன்றைக்கு எனக்கு நன்றாக உதவின.  அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். டாக்டர் பதறி என்னைப் பார்த்து, "நான் சொன்னதைச் சரியாகச் சொன்னாயா?" என்று கேட்டார். "சொன்னேன், மாத்தயா" என்றேன்.

அதன் பிறகு என் மனுசன் இருந்தது ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும் அக்கா எங்கள் வீட்டில்தான் கிடந்தாள். உப்பை விட்டாள், பூவை விட்டாள். கிருமி இருக்கிறது என்று தன் கையால் அவருக்குச் சோறு போடப் பயந்து, தட்டை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். அதெல்லாம் வேண்டாம், சாப்பாட்டில் தொற்றாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் நான் அவளுக்குச் சொல்லவில்லை. மாரியம்மன் கோயிலை வெள்ளிக்கிழமைதோறும் முழங்காலில் சுற்றினாள். ஒருநாள் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, "தம்பி, நான் பாவி. என் ரத்தம்தான் ஒங்களக் கொல்லுது" என்று விம்மினாள்.

அவர் சிரமப்பட்டுக் கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். "விடுங்க அண்ணி. வேணும்னா செஞ்சீங்க?" என்றார். அவருக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் என்னுடையது. அந்தக் கால்மாட்டில் உட்கார்ந்து அழ வேண்டியவள் நான். அந்தக் கை என் தலையில் வந்திருக்க வேண்டும். "வேணும்னா செஞ்ச?" என்று என்னைக் கேட்டிருக்க வேண்டும். முதல் ஊசி அவளுக்கு, நல்ல கஞ்சி அவளுக்கு, நல்ல பெயர் அவளுக்கு; கடைசியில் என்னுடைய பாவத்தையும் அவளே எடுத்துக்கொண்டு மன்னிப்பும் வாங்கிவிட்டாள். அன்றைக்கே எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். பல தடவை வாசல்படி வரை போனேன். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார், நான் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்துவிடுவேன்.

அந்தப் பெரிய அணுக்கள் டாக்டர் பயந்தது போலவே கட்டியாக வளர்ந்தன. ஒரு காலையில், ரப்பர் பால் நிறுக்கும் நேரத்துக்கு முன்னால், அவர் போய்விட்டார். நான் சொல்லவேயில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு லயமே கூடியிருந்தது. அக்கா ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அண்ணன் கெஞ்சினார், பையன்கள் கெஞ்சினார்கள். "சீவன எடுத்தவளுக்கு என்னாத்துக்குச் சோறு?" என்றாள். அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண்ணுக்குக் கீழே பழைய கறுப்பு வந்திருந்தது. இப்படி ஒருநாள் அவளைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஆசைப்பட்டிருப்பேன்! பார்த்தபோது ஆசை எங்கே போனதென்று தெரியவில்லை. இவளும் செத்துவிடுவாள் என்ற பயம்தான் வந்தது.

எல்லார் முன்னாலும் எழுந்து நின்றேன்.

"அக்கா, ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. கடைசி ஊசி அன்னிக்கு சிரிஞ்ச நான் கொதிக்க வைக்கல. ஒங்களுக்குப் போட்டத சும்மா சுடுதண்ணில அலசிக் குடுத்தேன். ஐயா கேட்டதுக்குக் கொதிச்சிருச்சுன்னு பொய் சொன்னேன். அவரக் கொன்னது நான்தான்."

 அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்தது.

"நான் சோறு திங்கணும்னு இப்புடி ஒரு பழிய நீ தலைல போட்டுக்கிறியாடி?" என்றாள்.

"இல்லக்கா, நெசம். டாக்டரே சொன்னாரு. கொதிக்க வச்சிருந்தா போயிருக்காதுன்னு சொன்னாரு."

"டாக்டரு சொன்னத அன்னிக்கே நீதானே எனக்குத் தமிழ்ல சொன்ன? என் ரத்தம்தான்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலையே."

 அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா. நீ எங்களுக்காகப் பொய் சொல்ல வேணாம்" என்றார். பின்னால் இருந்து ஒரு பெண் குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"பாத்தீங்களா, தாலிய எழந்து நிக்கிறப்பயும் இப்புடிப் பேசுறா. இவ மனசு யாருக்கு வரும்!"

இன்னொருத்தி ஆமாம் என்றாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். வந்த நாளில் இருந்து நான் காத்திருந்த வாக்கியம் அது. எனக்கு இனித்தது. அந்த இடத்தில், அந்த நாளில், அது எனக்கு இனித்தது என்பதை இப்போது எழுதிவிடுகிறேன். மறுபடியும் ஒரு தடவை சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ என்னவோ. நான் சொல்லவில்லை.

அக்கா எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். எனக்காகச் சாப்பிடுகிறேன் என்றாள். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் இலையை எனக்குப் போட்டு, முதல் கரண்டிச் சோற்றை எனக்கு வைத்தாள். நான் சாப்பிட்டேன்.